திரையிற் காட்டும் திறன்

பூண்டுலோயாவுக்கு வருவோரின் கண்ணை முதலிற் கவர்வது டன்சினேன் நீர்வீழ்ச்சி. அதனைப் பாருங்கள் என்று ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. சுற்றிலும் தேயிலையின் கடும் பச்சை, நடுவே கரும்பாறை, அப்பாறைமீது மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெண்கோடு. ஓடும் பேருந்தினுள் இருப்பவர்க்கும் அக்கோடு தெரிகின்றது. மலையில் வேறு எத்தனையோ பொருள்கள் உள. எனினும் கண் அவ்வெண்மையையே நாடுகின்றது. காரணம் இரண்டு. அது தன் பின்னணியினின்று முற்றும் வேறுபட்டது என்பது ஒன்று. அதனோடு போட்டியிட அவ்விடத்தில் வேறொன்று இல்லை என்பது மற்றொன்று. காட்சியினாற் கருத்தை உணர்த்தும் கலை பெரும்பாலும் இவ்விரண்டனுள் அடங்கும்.

இன்று எத்துறையிற் புகுவோரும் பலர்முன் நின்று தம் கருத்தைத் திரையிற் காட்டிப் பேச வேண்டியவராகின்றனர். வங்கியிற் கடன் கேட்போர், கம்பனியில் விற்பனைக் கணக்கை எடுத்துரைப்போர், கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டறிக்கை சமர்ப்பிப்போர், பல்கலைக்கழகத்தில் ஆய்வுரை நிகழ்த்துவோர் ஆகிய அனைவர்க்கும் படவில்லை ஒரு கருவியாயிற்று. கண்ணாடியிற் பதித்த படங்களை விளக்கொளியாற் சுவரில் எறிந்த காலம் ஒன்றிருந்தது. 1987ஆம் ஆண்டிற் பவர்பாயின்ட் என்னும் மென்பொருள் வெளிவந்த பின்னர், அத்தகைய படங்களை எவரும் தம் மேசையிலிருந்தே அமைத்தல் எளிதாயிற்று. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் நம் மாணவரும் படவில்லை அமைக்கப் பயில்கின்றனர். ஆயினும் பொத்தானை அழுத்தும் முறை வேறு. காண்போர் உள்ளத்திற் கருத்தைப் பதிக்கும் முறை வேறு. முன்னது சில நாளிற் கைவரும். பின்னதைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

துணிவு யாது?

படவில்லை எடுப்பாக இருத்தல் வேண்டும், துணிவாக அமைதல் வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்கின்றோம். துணிவு என்றதும் உரத்த வண்ணங்களையும் துள்ளி வரும் எழுத்துக்களையும் சுழன்று மறையும் படங்களையும் நினைப்போர் உளர். அவை ஆரவாரமே அன்றித் துணிவாகா. பத்துச் செய்திகள் கையிலிருக்க, அவற்றுள் ஒன்றே இப்போது காட்டத்தக்கது எனத் தெளிந்து, ஏனைய ஒன்பதையும் அவ்விடத்தில் விட்டுவிடுதலே துணிவாகும். எதனையும் விட மனமில்லாதவர் எல்லாவற்றையும் ஒரே படவில்லையில் அடைக்கின்றனர். காண்போரோ எதனையும் பெறாமற் செல்கின்றனர்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணப் புகுந்த நன்னூலார், குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அதன் அடுத்தும் வைத்தார். படவில்லை அமைப்போன் இவ்விரு குற்றங்களுக்கும் இடையே நடக்கின்றான். மிகுதியைக் கண்டு அஞ்சி வேண்டியதை விடுதலும் குற்றம். குறைவைக் கண்டு அஞ்சி வேண்டாததை நிறைத்தலும் குற்றம்.

நம் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடுவோர் இவ்வுண்மையை ஏட்டிற் படியாமலே அறிவர். இரவுக் கூத்தில், கூட்டத்தின் கடைசியில் நிற்பவர்க்கும் இவன் மன்மதன், இவள் இரதி என்பது தெரிதல் வேண்டும். ஆதலின் முடியும் முகப்பூச்சும் உடையும் பெரிதாகவும் தெளிவாகவும் அமைகின்றன. அருகில் வந்து நோக்கினால் மட்டும் தெரியும் நுண்ணிய வேலைப்பாட்டுக்கு அங்கே இடமில்லை.

தேயிலை கற்பித்த பாடம்

வணிகத்திற் காட்சியின் வலிமைக்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் மலையில் விளையும் தேயிலையே சான்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பிப் பயிர் அழியவே, தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அக்காலத்துக் கடைகளிற் பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையை அவர் முன்னரே நிறுத்துப் பொதிகளில் அடைத்து விற்றார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்னும் கருத்துடைய ஒரு சிறு தொடரையும், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவத்தையும் தம் விளம்பரங்களிற் பதித்தார். தேயிலையைப் பற்றிச் சொல்லத்தக்கவை நூறு இருந்தும், ஒரு தொடரும் ஓர் உருவமும் போதும் என அவர் தெளிந்தார். அதுவே வணிகத் துணிவு.

இலங்கைத் தேயிலைக்குரிய சிங்கக் குறியும் அத்தகையதே. வாளேந்திய சிங்கம் ஒன்று. மிகச் சிறிய உருவம். முற்றிலும் இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதியிடப்பட்டதாகவும் இருந்தாலன்றி ஒரு பொதியில் அக்குறியைப் பொறித்தல் கூடாது என்பது தேயிலைச் சபையின் விதி. குறி சிறிது, அதனைத் தாங்கி நிற்கும் விதி பெரிது. உண்மையான விதி பின்னே இருப்பதனாலேயே முன்னே உள்ள எளிய உருவம் மதிப்புப் பெறுகின்றது. படவில்லையில் நாம் எழுதும் பெரிய எழுத்துக்கும் இது பொருந்தும். அதன் பின்னே சரிபார்த்த கணக்கு இல்லையெனின் அது வெறும் கூச்சலாகும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. 1933ஆம் ஆண்டில் மக்டொனால்ட் கில் என்னும் ஓவியர், இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக இலங்கையின் பெரிய படவரைபடம் ஒன்றைத் தீட்டினார். தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு இலங்கையின் வடிவம் தெரியும். அருகிற் சென்று பார்ப்பவர்க்கு ஊர்களும் தொழில்களும் சிறு குறிப்புக்களும் தெரியும். சுவரிலே தொங்கும் படத்துக்கு அஃது ஏற்றதே. பார்ப்பவர் தாம் விரும்பிய நேரம் அதன்முன் நிற்கலாம். படவில்லையோ அத்தகையதன்று. அது மாறும் நேரம் பேசுவோன் கையில் உளது. மேலும், பேச்சைக் கேட்டுக்கொண்டே நீண்ட எழுத்தைப் படித்தல் எவர்க்கும் அரிது. படிக்கும்போது செவி மூடும். கேட்கும்போது கண் நிற்கும். ஆதலின் சுவரொட்டிக்கு உரியதைப் படவில்லையிலும், நூலுக்கு உரியதைச் சுவரொட்டியிலும் ஏற்றுதல் ஆகாது.

தெரிவும் பொறுப்பும்

ஒன்றைக் காட்டப் பலவற்றை விடுகின்றோம் என்றோம். விடப்பட்டது யாது என்று கேட்பதும் கற்றோர் கடமை. கூடை சுமந்த பெண்ணின் உருவம் கடல் கடந்து சென்றது. அவள் குடியிருந்த லயன் காம்பரா அப்படத்தில் இல்லை. அவள் பெற்ற கூலியும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தேயிலை விளம்பரங்களிற் கொழுந்து பறிக்கும் பெண் சிரித்தவாறே நின்றாள். அழகிய படம் பொய் சொல்லாமலேயே உண்மையை மறைக்கவும் வல்லது என்பதை நம்மவரினும் நன்கறிந்தார் எவர்?

விட்டதன் விளைவு உயிரிழப்பிலும் முடியலாம். 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கொலம்பியா என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் புறப்பட்ட சிறிது நேரத்தில், அதன் எரிபொருட் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடச் சிறகைத் தாக்கியது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியியலாளர் அத்தாக்குதலை ஆராய்ந்து படவில்லைகளாற் பொறுப்பாளர்க்கு விளக்கினர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, பழைய சோதனைகளை நோக்க அஞ்ச வேண்டுவதில்லை என்னும் எண்ணத்தைத் தருவதாயிருந்தது. அதன் அடியிலே, உட்பிரிவுக்குள் உட்பிரிவாக, சிறிய எழுத்தில் வேறொரு செய்தி இருந்தது. சோதனையிற் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம்; ஓடத்தைத் தாக்கியதோ ஏறத்தாழ 1,920 கன அங்குலம். 640 மடங்கு பெரிய துண்டைப் பற்றிப் பழைய சோதனைகள் உறுதி கூற மாட்டா. தலைப்பாக வரவேண்டிய அச்செய்தி கடைசி வரியாகக் கிடந்தது. பெப்ரவரி 1ஆம் நாள் ஓடம் திரும்புகையிற் சிதறியது. இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிர் நீத்தனர். அழிவுக்கு அப்படவில்லை ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் அவ்வாண்டு ஓகஸ்டில் வெளிவந்த விசாரணை அறிக்கை, இன்றியமையாத பொறியியற் செய்திகளைப் படவில்லைகளில் இவ்வாறு அடைக்கும் வழக்கத்தைக் குறை கூறியது.

செவ்வனே தெரிந்து காட்டியதற்கும் ஒரு சான்று தருவோம். 1854ஆம் ஆண்டிற் கிரிமியப் போரின்போது படை மருத்துவமனைக்குச் சென்று நோயாளரைப் பேணிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், 1858இல் ஒரு வட்ட வரைபடம் வெளியிட்டார். மாதந்தோறும் இறந்த படைவீரர் தொகையை, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தோர்க்கு நீலமும், காயத்தால் இறந்தோர்க்குச் சிவப்பும், பிற காரணத்தால் இறந்தோர்க்குக் கறுப்பும் இட்டுக் காட்டினார். நீலம் பரந்து கிடந்தது. சிவப்பு ஒடுங்கிக் கிடந்தது. பகைவரின் படையினும் தூய்மையின்மையே மிகுதியானவரைக் கொன்றது என்பதை ஒரு நோக்கில் எவரும் உணர்ந்தனர். அட்டவணையில் உறங்கிக் கிடந்திருக்கக்கூடிய எண்கள் மருத்துவமனைச் சீர்திருத்தத்துக்கு வலிமை தந்தன.

அமைக்கும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, ஒவ்வொரு படவில்லைக்கும் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருத்தல் வேண்டும். ‘தேயிலை விளைச்சல்’ என்பது பெயர், அது செய்தியன்று. 2021ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலை விளைச்சல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோ. 2022இல் ஏறத்தாழ 25 கோடியே 10 இலட்சம் கிலோ. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டமை இவ்வீழ்ச்சிக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இதனைக் காட்டப் புகுவோன், ‘2022இல் விளைச்சல் ஆறில் ஒரு பங்கு குறைந்தது’ என்று தலைப்பிடுவானாக. அதன்கீழ் இரண்டு பட்டைகள் போதும். முன்பின் ஆண்டுகளின் எண்கள் வேண்டுவோர்க்கு அச்சிட்ட தாள் ஒன்றைக் கையிற் கொடுக்கலாம். திரைக்கு உரியது கருத்து; தாளுக்கு உரியது விவரம்.

இரண்டாவது, எழுத்து. ஆங்கிலத்திற்போலப் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேறுபாடு தமிழில் இல்லை. ஆதலின் அளவாலும் தடிப்பாலும் இடத்தாலுமே ஒரு சொல்லை வலியுறுத்தல் வேண்டும். தடிப்பு மிகுந்தால் ண, ஞ, ஐ முதலிய எழுத்துக்களின் உள்வெளி அடைபட்டுப் போகும். மெய்யெழுத்தின் புள்ளி தொலைவிலிருப்போர்க்குத் தெரியாது. புள்ளி மறைந்தால் ‘பல் வைத்தியர்’ பல வைத்தியராகிவிடுவார்! கீ, கூ முதலியவற்றின் குறிகள் மேலும் கீழும் நீள்வதனால், ஆங்கில எழுத்துக்கு விடும் இடைவெளியினும் சிறிது கூடுதலான இடைவெளியை வரிகளுக்கிடையே விடுதல் நன்று. தமிழ்ச் சொற்கள் உருபும் சாரியையும் ஏற்று நீள்வன. எனவே ‘தொழிலாளர்களுக்கானவை’ என்பதனினும் ‘தொழிலாளர்க்கு’ என்பது திரைக்கு உகந்தது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த படவில்லையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றித் தோன்றும். யுனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்துவதும், பி.டி.எஃப் படி ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் தக்க காப்பாகும்.

எழுத்தின் அளவு போதுமோ என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. திரையின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு தொலைவுக்குள் எல்லாரும் அமர்தல் வேண்டும் என்பது மண்டபம் அமைப்போர் நெடுங்காலம் கைக்கொண்ட கணக்கு. ஓரடி அகலமுள்ள மடிக்கணினியிற் படவில்லையைத் திறந்து, ஆறடி தள்ளி நின்று படித்துப் பார்க்க. தடுமாற்றமின்றிப் படிக்க முடியாதாயின், மண்டபத்தின் கடைசி வரிசையினர்க்கும் அது படிக்க முடியாததே.

மூன்றாவது, ஒளியும் வண்ணமும். புரொஜெக்டர் ஒளியை எறியுமேயன்றி இருளை எறியாது. திரையிற் கறுப்பாகத் தோன்றுவது, ஒளி படாத திரையின் இயல்பான நிறமே. யன்னல்களால் வெளிச்சம் புகும் வகுப்பறையில் அக்கறுப்பு சாம்பலாகி, அதன்மேலுள்ள வெள்ளெழுத்தும் மங்கும். அத்தகைய இடத்தில் வெண்பின்னணியிற் கருமையான எழுத்தே நன்று. இருண்ட மண்டபத்தில் இருண்ட பின்னணியும் பொருந்தும். வண்ணம் பலவானால் வலிமை குறையும். ஐந்து பட்டைகளுள் நாம் பேசுவது ஒன்றைப் பற்றியாயின், அதற்கு மட்டும் ஒளிமிக்க நிறமும் ஏனைய நான்குக்கும் சாம்பல் நிறமும் தருக. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றல் ஆடவருட் சிலர்க்குப் பிறவியிலேயே குறைவு. எனவே இலாபத்தைப் பச்சையாலும் நட்டத்தைச் சிவப்பாலும் மட்டும் காட்டாமல், எண்ணையோ குறியையோ உடன் இடுதல் வேண்டும்.

நான்காவது, படம். நான்கு சிறு படங்களினும் திரையை நிறைக்கும் ஒரு பெரிய படம் வலிமை மிக்கது. அது பேசும் பொருளோடு தொடர்புடையதாகவும், இயன்றவரை நாமே எடுத்ததாகவும் இருத்தல் சிறப்பு. படத்தில் ஒருவர் முகம் தோன்றுமாயின் அவர் இசைவைக் கேட்டுப் பெறுதல் முறை. கூடை சுமந்தவளிடம் எவரும் கேட்டிலர் என்பதற்காக நாமும் கேளாதிருத்தல் தகாது.

அளவுகோலும் அறமும்

துணிவான காட்சி, அளவில் நேர்மை தவறுமாயின், பெரும் கேடாக முடியும். நம் மக்களின் கூலியைக் கொண்டே இதனை விளக்குவோம். 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021இற் சம்பள நிர்ணய சபையின் வழியாக, 100 ரூபாப் படியும் சேர்த்து அது 1,000 ரூபாவாயிற்று. இவ்விரண்டையும் பட்டைகளாக வரைந்து, அளவுகோலைச் சுழியில் தொடங்காமல் 600இல் தொடங்கினால், முதற்பட்டை 100 அளவும் அடுத்தது 400 அளவும் உயரும். சம்பளம் நான்கு மடங்கானதுபோல் அது தோன்றும். அளவுகோலை 10,000 வரை நீட்டினாலோ, இரண்டும் தரையோடு தரையாக ஒட்டி, எதுவும் மாறாததுபோல் தோன்றும். உண்மையில் உயர்வு ஏறத்தாழ 43 விழுக்காடு. இரண்டு படத்திலும் எண்கள் பொய்யல்ல, படமே பொய். பட்டை வரைவோர் அளவுகோலைச் சுழியில் தொடங்கி, பெரிய எண்ணுக்குச் சற்று மேலே முடித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஒன்றில் அடிப்படைச் சம்பளம் மட்டும், மற்றொன்றிற் படியும் சேர்ந்தது என்பதையும் பட்டையின் அடியிற் குறித்தலே நேர்மை. இன்னும் ஒன்றுண்டு. 2021இன் தொடக்கத்தில் 1,000 ரூபா ஏறத்தாழ 5 அமெரிக்க டொலர் பெறுமதி உடையது. 2022இல் ரூபா வீழ்ச்சியுற்றபின் அதே 1,000 ரூபா 3 டொலரும் பெறவில்லை. பட்டையின் உயரம் மாறாதிருக்க, அதன் பொருள் மாறிவிட்டது. ஆகவே பல ஆண்டுகளின் பணத்தை ஒப்பிடுவோர் விலைவாசியையும் உடன் சொல்லுதல் கடன். இதனை அறிந்தவன் பிறர் காட்டும் படத்தால் ஏமாறான். தான் காட்டும் படத்தாற் பிறரை ஏமாற்றவும் நாணுவான்.

முடிவாக ஒன்று. படவில்லை பேசுவோனுக்குத் துணையேயன்றிப் பேசுவோனே அன்று. திரையிலுள்ளதை அப்படியே படித்து ஒப்புவிப்பவன், கேட்போர் தாமே செய்யவல்ல வேலையைத் தான் செய்கின்றான். மின்சாரம் தடைப்பட்டாலும் தன் கருத்தை ஒரு கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து விளக்க வல்லவனே தன் பொருளை அறிந்தவன். ஆதலின் முதலிற் கணினியைத் திறவாது, ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதுக: இக்கூட்டத்தினர் எழுந்து செல்லும்போது எதனை நினைவிற் கொண்டு செல்ல வேண்டும்? அவ்வாக்கியம் கிடைத்தபின் எழுத்தும் வண்ணமும் படமும் அதற்கு ஏவல் செய்யும்.

நூறாண்டுக்கு மேலாக மலையக மக்கள் பிறர் அமைத்த படங்களில் நின்றனர். இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் கம்பனிகளிலும் வங்கிகளிலும் அரசுப் பணிமனைகளிலும் திரைக்கு முன் நின்று பேசுகின்றனர். தம் ஊரைப் பற்றிய படத்தைத் தாமே அமைக்கின்றனர். எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்னும் உரிமை அவர் கைக்கு வந்துளது. அவ்வுரிமையைத் தெளிவோடும் நேர்மையோடும் ஆள்வதற்கு நம் கல்லூரி மாணவர் இப்போதே பயில்வாராக. திரைமுன் நின்று தேர்ந்த பழைய மாணவர், விடுமுறையில் ஊர் வரும்போது ஒரு நாளை ஒதுக்கி, இளையோர்க்கு இதனைக் கற்பிப்பாராக. இவ்விழாவுக்கு அவர் அளிக்கக்கூடிய பரிசில்களுள் அதுவும் ஒன்றாக அமையும்.